ரோலண்ட் தூங்காத பூசை

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கிற மாசாயில் ரோலண்டின் தூக்கத்தைப் பற்றித் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுதான் இந்த ஊருக்குக் குடிவந்திருக்க வேண்டும். படுத்துத் தூங்குவதை எல்லாரும்தான் செய்கிறோம். ரோலண்ட் நின்றுகொண்டே தூங்குவான். ரொட்டி சானாய்க் கடை வரிசையில் நின்றபடி தூங்கி, தன் முறை வந்ததும் கண்ணைத் திறக்காமலே, "ரெண்டு ரொட்டி, கறி நெறைய ஊத்து" என்று சொல்லிவிட்டு, மிச்சத் தூக்கத்தைத் தொடருவான்.

பாசிர் கூடாங்கில் ஒரு சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையில் அவனுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. ஒருநாள் அங்கே தீயணைப்புப் பயிற்சிக்கு மணியடித்தார்கள். அந்தச் சத்தத்துக்குச் சிங்கப்பூரில் இருக்கிறவன்கூட எழுந்து சட்டை மாட்டியிருப்பான். ஓய்வு அறையில் இருந்த ரோலண்ட் புரண்டுகூடப் படுக்கவில்லை. கடைசியில், "காயம்பட்ட ஆளாக இவனை வைத்துக்கொள்வோம்" என்று முடிவுபண்ணி, நாலு பேர் அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடிப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார்கள். வெளியே வெயில் பட்டதும் விழித்து, "பசியாற மணியா?" என்று கேட்டான் என்பார்கள்.

பாவம், அவன்மேல் முழுத் தப்பும் இல்லை. பாலோவில் பிறந்து, கல்யாணமான கையோடு மாசாய்க்கு வந்தவன். வந்த நாளிலிருந்து இரவு ஷிப்டுதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேலை முடியும். வீட்டுக்கு வந்து குளித்து, நேராகப் பூசைக்குப் போவான். ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை.

கிளம்புகிற அழகைப் பார்க்க வேண்டுமே! சட்டை சனிக்கிழமையே இஸ்திரி போட்டுத் தொங்கும். அந்தக் கை மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம். காலில் மாட்டுகிற சப்பாத்தின் பளபளப்பில் முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம். இத்தனையும் பண்ணிக்கொண்டு கோயிலில் போய், தூணுக்குப் பின்னால், மின்விசிறிக்குக் கீழே உட்காருவான். பாதர் பிரசங்கத்துக்கு வாயைத் திறப்பதும் ரோலண்ட் கண்ணை மூடுவதும் ஒரே சுவிட்சில் நடக்கும். அவன் மனைவி கெர்ட்ரூட் முழங்கையால் இடித்து இடித்து, அவனுடைய இடது விலாவில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

"கடவுள் சந்நிதியில கொறட்ட விடுறீங்களே, வெக்கமா இல்ல?" என்பாள் அவள்.

"அப்பன் வீட்டுல புள்ள தூங்காம வேற எங்க போயி தூங்கும்?"

"அப்பன் பேசிக்கிட்டு இருக்கும்போதா தூங்கும்?"

"பேதுருவே தூங்குனாரு கெர்ட்ரூட். ஆண்டவரு ரெண்டு மூணு தடவ வந்து எழுப்புனாரு. அவர போப்பாண்டவராவே ஆக்கிட்டாங்க."

"நீங்க மொதல்ல முழிச்சிருங்க, அப்புறம் போப்பாண்டவர் ஆவலாம்!"

இப்படியே சிரிப்பும் சண்டையுமாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பு, போன கிறிஸ்துமஸில் மாட்டிக்கொண்டது. மகள் ஷர்மைன், நாலாம் வகுப்புப் படிக்கிறவள், நாடகத்தில் வானதூதர். தங்கத் தாள் ஒட்டிய இறக்கையோடு மேடையில் ஏறி, இடையர்களைப் பார்த்துக் கையைத் தூக்கி, "அஞ்சாதீர்கள்!" என்றாள். சபை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், முன்வரிசையிலிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. சாதாரணக் குறட்டையா அது? ஜெமாலுவாங் பக்கம் காட்டில் யானை பிளிறுவதுபோல. இடையர்கள் அஞ்சிவிட்டார்கள். கோயில் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. ஷர்மைன் அடுத்த வசனத்தை மறந்துவிட்டு, இறக்கையோடு மேடையை விட்டு இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்து அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ரோலண்ட் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்பான். இறக்கையைக் கழற்றி அலமாரிமேல் வைத்துவிட்டு, ரொம்ப மெதுவாகத்தான் கேட்டாள்.

"டேடி, என்னோட புதுநன்மைக்கும் தூங்குவீங்களா?"

புதுநன்மை என்றால் பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். ஆயுசில் ஒரு தடவைதான் வரும். ரோலண்டுக்கு நெஞ்சில் யாரோ ஃபோர்க்லிஃப்டை ஏற்றி இறக்கியதுபோல் இருந்தது.

"தூங்க மாட்டேன் பாப்பா. நீ நன்மை வாங்குறத ரெண்டு கண்ணாலயும் பார்ப்பேன். சத்தியமா."

அந்த நாள் ஜூன் மாதம் வந்தது. ரோலண்ட் முதலில் ஷிப்டை மாற்றப் பார்த்தான். கூட வேலை செய்யும் காளியப்பனைப் பிடித்துக் கெஞ்சினான்.

"டேய் காளி, சனிக்கிழம ராத்திரி ஒரு நாள் எனக்காக வாடா. ஒன்ன கோயில் கட்டிக் கும்பிடுறேன்."

"ஒங்க சாமி கோவிச்சுக்கும்டா. நானே அன்னைக்கு ஷிப்டுல இருக்கேன், ஒரே ஆளு ரெண்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட நான் என்ன ராவணனா?"

லீவு கேட்டதற்கு, கப்பல் வருகிறது, ஒருத்தருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டு வந்துதான் விழித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை பெற்றோருக்குப் பாவசங்கீர்த்தனம் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் மட்டும் ஆயத்தமானால் போதாது, அப்பா அம்மாவும் ஆயத்தமாக வேண்டுமாம். ரோலண்ட் போய் முட்டிபோட்டான். தட்டிக்கு அந்தப் பக்கம் பாதர். ரோலண்டைவிட வயதில் சின்னவர்.

"பாதர், நான் பூசையில தூங்குறேன்."

"தெரியும்ணே. பீடத்துலருந்து பார்த்தா நல்லா தெரியுது."

"தூணுக்குப் பின்னாடியில்ல இருக்கேன்?"

"தூணு அசையாதுல்ல. தூணுக்கு ரெண்டு பக்கமும் ஒரு தல மாறி மாறி வந்துட்டுப் போகும்."

பாதர் கேட்டார்: "சட்டைய எப்போ அயன் பண்ணுவீங்க?"

"சனிக்கிழமையே பண்ணிருவேன், பாதர்!" இதையாவது பெருமையாகச் சொல்லலாமே என்று சொன்னான்.

"சட்ட சனிக்கிழமையே ரெடி. சரி. ஆளு எப்போ ரெடி ஆவுறீங்க?"

ரோலண்ட் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"பெருசா ஒண்ணும் வேணாம்ணே. வர்ற வழியில மோட்டார் சைக்கிள்ல ஆண்டவர்கிட்ட ரெண்டு வார்த்த பேசிக்கிட்டே வாங்க. தெனமும் பார்க்குற ஆள பார்க்கப் போறவன் மாதிரி."

அபராதமாகக் கொடுத்த செபத்தை ரோலண்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டுச் சொன்னான். முட்டிபோட்டாலும் தூக்கம் வரும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தான்.

ஞாயிறு விடிந்து ஷிப்டு முடிந்தபோது அவனுடைய இமை ஒவ்வொன்றும் ஒரு மூட்டை அரிசி கனம் இருந்தது. மோட்டார் நிறுத்துமிடத்தில் காளியப்பன் வந்து, கட்டைவிரல் நீளப் புட்டி ஒன்றை அவன் மோட்டார் கூடையில் போட்டான். உள்ளே பச்சையாக மின்யாக் அங்கின். தலைவலி, வாந்தி, வயிற்று உப்புசம் எல்லாவற்றுக்கும் நம்ம ஆட்கள் தடவிக்கொள்கிற காரமான தைலம்.

"தூக்கம் வந்தா கண்ணுக்குக் கீழ ஒரே ஒரு சொட்டு. எங்க மாமா செத்துட்டாருன்னு சொல்லி இத தடவுனோம். எந்திரிச்சி உக்காந்து, எவன்டா அதுன்னு கேட்டாரு."

"சும்மா லா!"

"ஒரு சொட்டுதான்டா. கேட்டியா?"

ரோலண்ட் கேட்டான். கேட்பது வேறு, கேட்டபடி நடப்பது வேறு.

அவனுடைய நம்பிக்கை முழுக்க ஒரு குவளை கோப்பி ஓ மேல்தான் இருந்தது. கறுப்பாக, கெட்டியாக, கரண்டியை நட்டால் நிற்கிற பதத்தில். குளித்துவிட்டுக் குவளையோடு சமையலறைக்கு ஓடினான். வாசலில் வெள்ளைக் கவுனும் தலையில் பூ வளையமுமாக ஷர்மைன் கையை விரித்து நின்றாள். குடிநுழைவுச் சாவடியில்கூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது.

"நன்மை வாங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒண்ணும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. டீச்சர் சொன்னாங்க. தண்ணியும் மருந்தும் மட்டும்தான்."

"எனக்கு கோப்பிதான் மருந்து பாப்பா."

"கெடையாது."

"நன்மை குடுக்குறதுக்குதான் ஒரு மணி நேரம். பாதர் பிரசங்கம் வைக்கிற நீளத்துக்கு, இப்போ நான் நாசி லெமாக்கே சாப்பிடலாம். செரிச்சிரும்."

"டேடி!" அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "இன்னைக்கு ஒரு நாளாச்சும் சரியா செய்யுங்க."

ரோலண்ட் குவளையைக் கவிழ்த்து வைத்தான்.

வெள்ளைக் கவுன் அழுக்காகிவிடும் என்று தாயும் மகளும் வாடகைக் காரில் போனார்கள். ரோலண்ட் மோட்டாரில் பின்னால் போனான். வழியில் பாதர் சொன்னது ஞாபகம் வந்து, தலைக்கவசத்துக்குள் பேச ஆரம்பித்தான்.

"ஆண்டவரே, நான்தான் ரோலண்டு. மாசாய் ரோலண்டு. அந்தத் தூணுக்குப் பின்னாடி இருக்குற ஆளு. இத்தன வருஷம் ஒங்க வீட்டுக்கு வந்திருக்கேன், ஒரு தடவ கூட நல்லா பேசுனதில்ல. இன்னைக்கு என் புள்ள ஒங்கள வாங்கப் போவுது. அத நான் பார்க்கணும். முழிச்சிருக்க வையுங்க. அவ்வளவுதான்."

சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து மோட்டார்க்காரன் திரும்பிப் பார்த்தான். ரோலண்ட் அவனுக்கும் ஒரு வணக்கம் வைத்தான்.

கோயிலில் போய் மோட்டாரை நிறுத்தியதும், தூக்கம் பின்சீட்டிலிருந்து தோளில் ஏறியதுபோல் ஏறியது. ஆண்டவரிடம் சொல்லியாகிவிட்டதுதான். ஆனாலும் காளியப்பன் கொடுத்ததையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று புட்டியைத் திறந்தான். ஒரு சொட்டு தடவினான். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு சொட்டு. அப்புறம், பெரிய கண்ணுக்கு எப்படி ஒரு சொட்டு போதும் என்று பாதிப் புட்டியை உள்ளங்கையில் கொட்டி, கன்னம், இமை, புருவம் என்று பெயின்ட் அடிப்பதுபோல் அடித்துக்கொண்டு, கைக்குட்டையிலும் தேய்த்து வைத்துக்கொண்டான். அதே நேரம் உள்ளே பாட்டு ஆரம்பித்தது. ரோலண்ட் ஓடினான்.

அன்றைக்குப் பெற்றோருக்கு முதல் வரிசை. தூணும் இல்லை, ஒன்றும் இல்லை. கெர்ட்ரூட் பக்கத்தில் போய் நின்றான். வெயிலில் ஓடிவந்த வேர்வை நெற்றியிலிருந்து இறங்கி, தைலத்தைக் கூட்டிக்கொண்டு கண்ணுக்குள் போனது.

அடடா! கண் இரண்டிலும் நூறு கிலோ மிளகாய் அரைத்து அப்பியதுபோல் ஆகிவிட்டது. கண்ணீர் சாதாரணமாக வரவில்லை, குழாய் உடைந்ததுபோல் கொட்டியது. துடைக்கலாம் என்று கைக்குட்டையை எடுத்தான். அதில் இருந்ததும் மின்யாக்! சரியாக அந்த நேரம் சபையே நெஞ்சில் தட்டி, "என் பாவமே, என் பாவமே" என்று சொல்லிக்கொண்டிருந்தது. ரோலண்டும் தட்டினான். எரிச்சல் தாங்காமல் கொஞ்சம் பலமாகவே தட்டினான்.

கெர்ட்ரூட் ஓரக்கண்ணால் பார்த்தாள். புருஷன் தேம்பித் தேம்பி அழுகிறான். தாலி கட்டியபோதுகூட அழாத மனுஷன்! முழங்கையை அவன் விலாவுக்காகத் தயாராக வைத்திருந்தவள், அதை மடக்கிக்கொண்டு தானும் அழ ஆரம்பித்தாள். அவள் அழுததைப் பார்த்துப் பின்வரிசைப் பெண் டிஷ்யூ நீட்டினாள். நீட்டிய கையோடு அவளும் மூக்கை உறிஞ்சினாள். அழுகை அப்படியே வரிசை வரிசையாகப் பரவி, வாசலில் மோட்டார் பார்த்துக்கொள்கிறவரைப் போய்த் தொட்டது.

பாதர் மேலிருந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் ரோலண்ட் பிரசங்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை, அதுவும் கண்ணீரோடு. எந்தப் பாதருக்குத்தான் உற்சாகம் வராது? கொஞ்சமாகப் பேச வந்தவர், நன்றாகவே பேசினார்.

ரோலண்டால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. இழுத்துத் திறந்தால் எரிச்சல் இரண்டு மடங்காகி, இமை தானே மூடிக்கொண்டது. ஆனால் ஒன்று, தூக்கம் மாசாயைத் தாண்டி, கோத்தா திங்கியைத் தாண்டி ஓடிவிட்டது. கண் மூடியிருந்தது, ஆள் விழித்திருந்தான். இது அவனுக்குப் புது அனுபவம். காது மட்டும் வேலை செய்தது.

அப்பமும் மீனும் கொடுத்த கதையை வாசித்திருந்தார்கள். வெறும் வயிற்றோடு அதைக் கேட்பது பெரிய சோதனை. பாதர் சொன்னார்: பசியோடு இருந்த அத்தனை பேருக்கும் ஆண்டவர் நேராக அப்பத்தைக் கொடுத்துவிடவில்லை, முதலில் உட்காரச் சொன்னார், ஐம்பது ஐம்பது பேராகப் புல்தரையில் உட்கார வைத்தார். அந்தக் கூட்டத்தில் ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்தவர்கள் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

ரோலண்ட் யோசித்தான். இந்தப் பெஞ்சுகளில் எத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறோம்! சட்டை உட்கார்ந்திருந்தது, சப்பாத்து உட்கார்ந்திருந்தது. ரோலண்ட் உட்கார்ந்தானா? கண் எரிந்த எரிச்சலில் அவனால் ஓடவும் முடியாது, தூங்கவும் முடியாது. சும்மா உட்கார்ந்திருந்தான். எதிரே யாரோ இருப்பதுபோல் இருந்தது. தொழிற்சாலை இருட்டில் விளக்கு போடுவதற்கு முன்னாலேயே, இன்னொரு ஆள் உள்ளே நிற்கிறான் என்று தெரியுமே, அப்படி.

பிறகு பிள்ளைகளை வரிசையாக அழைத்தார்கள். பெற்றோர் பின்னால் வர வேண்டும். கெர்ட்ரூட் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பாசத்தில் பிடித்தாள், அவன் தூணில் மோதாமல் இருக்கப் பிடித்தான். ஷர்மைனின் முறை வந்தது. ரோலண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு விரலால் இமையை இழுத்துப் பிடித்தான். பார்வை முழுக்க நீர்த்திரை. வெள்ளையாக ஒன்று ஆடியது. அது மகளா, பாதரின் அங்கியா, பீடத்து லில்லிப் பூவா? ஒன்றும் தெரியவில்லை.

"கிறிஸ்துவின் திருவுடல்."

"ஆமென்!"

வீட்டில் ஒத்திகை பார்த்தபோது கொசு பேசுவதுபோல் சொன்னவள், இப்போது கணீரென்று சொன்னாள். கடைசியில் குரல் கொஞ்சம் உடைந்தது. புதுச் சப்பாத்து கீச்சென்று திரும்பியது. ரோலண்ட் அத்தனையையும் கேட்டான். பார்க்கவில்லை.

அடுத்து அவன் முறை. அவனும் வாங்கினான். இடத்துக்கு வந்து முட்டிபோட்டபோது வந்த கண்ணீரில், எது புட்டியுடையது, எது அவனுடையது என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

பூசை முடிந்து கோயில் மண்டபமான டேவானில் பசியாற வைத்தார்கள். ரோலண்ட் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் கூட்டம் சூழ்ந்துவிட்டது. பங்குப் பேரவைத் தலைவர் ரூபேந்திரன், இதுவரை அவனைத் தூங்குமூஞ்சி என்று தவிர வேறு பெயரில் கூப்பிடாதவர், இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்தார்.

"ரோலண்டண்ணே! என்னா பக்தி! பாவத்துக்கு என்னா மனஸ்தாபம்! வெள்ளிக்கெழம அன்பியக் கூட்டத்துல நீங்கதான் சாட்சி சொல்லணும்."

"இல்ல... அது வந்து..."

"அடக்கத்தப் பாருங்க!" என்றார் ரூபேந்திரன் கூட்டத்தைப் பார்த்து.

கெர்ட்ரூட் தட்டில் தோசை வைத்துக் கொண்டுவந்தாள். அவள் பார்த்த பார்வையில் ரோலண்டுக்கு வயது பாதியாகக் குறைந்தது. இப்படி ஒரு பார்வைக்குப் புட்டி புட்டியாக மின்யாக் ஊற்றலாம். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தான். சொர்க்கத்தில் பாதி வழி வந்தாகிவிட்டது, யாராவது இறங்குவானா?

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷர்மைன் வந்து நின்றாள்.

"டேடி, என்ன பார்த்தீங்களா?"

ஆமாம் என்று ஒரே சொல்லைச் சொன்னால் போதும். ரூபேந்திரன் சாட்சிக்கு இருக்கிறார், பின்வரிசைப் பெண் டிஷ்யூவோடு இருக்கிறாள். ரோலண்ட் தோசைத் தட்டைக் கீழே வைத்தான். அவள் உயரத்துக்குக் குனிந்தான்.

"பார்க்கல பாப்பா."

டேவானில் கரண்டிச் சத்தம் நின்றது.

"கண்ண தொறக்க முடியல. தூங்கிருவேனோன்னு பயந்து மின்யாக் அங்கின் தடவுனேன். பாதிப் புட்டி. எல்லாம் கண்ணுக்குள்ள போயிருச்சு. அழுகையெல்லாம் இல்ல, எரிச்சல்."

"அலமாக்!" என்றார் ரூபேந்திரன். பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, தன் கையை மோந்து பார்த்தார்.

கெர்ட்ரூட் கேட்டாள்: "அப்போ, ஒங்களப் பார்த்து நான் அழுதது?"

"அது ஒரிஜினல்மா."

யாரோ ஒருத்தர் சிரித்தார். அப்புறம் டேவானே சிரித்தது. கிறிஸ்துமஸ் சிரிப்பைவிடப் பெரிய சிரிப்பு. ஆனால் ரோலண்ட் ஒருத்தரையும் பார்க்கவில்லை. சிவந்து வீங்கிய கண்ணால் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ தூங்கலயா?"

"ஒரு சொட்டுத் தூக்கம் கூட இல்ல. ஆமென் சொன்னியே, கேட்டேன். கடைசில தொண்ட அடச்சிக்கிச்சு. திரும்பும்போது சப்பாத்து கீச்சுன்னுச்சு."

ஷர்மைன் கண்ணைச் சுருக்கினாள். "பாதர் என்னா பிரசங்கம் வச்சாரு?"

"அப்பமும் மீனும்."

"அது வாசிக்கும்போதே எல்லாருக்கும் தெரியும். பிரசங்கத்துல என்னா சொன்னாரு?"

"மொதல்ல உக்கார வச்சாராம். அதுக்கப்புறம்தான் குடுத்தாராம்." ரோலண்டுக்குக் குரல் இறங்கிவிட்டது. "நானும் இன்னைக்குத்தான் உக்காந்தேன் பாப்பா. ஆனா ஒன்ன பார்க்குறேன்னு சத்தியம் பண்ணேன். பார்க்கல. ஒரு தடவதான் வரும், அத விட்டுட்டேன்."

ஷர்மைன் தன் கவுனின் நுனியை எடுத்து, அவன் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்தாள். அந்தக் கவுனைத்தான் ஒரு வாரமாக யாரையும் தொடவிடாமல் காவல் காத்தவள்.

"அடுத்த வாரமும் நான் நன்மை வாங்குவேன்ல டேடி. அதுக்கு அடுத்த வாரமும் வாங்குவேன். அதே இயேசுதான வருவாரு. அப்போ பாருங்க."

ரோலண்டுக்கு இது தோன்றவே இல்லை. தோசையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு அவன் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அறிவிப்புகள் வாசித்தபோது தூங்கிவிட்டான், அறிவிப்புக்குத் தூங்காதவன் அந்தப் பங்கிலேயே கிடையாது. ஆனால் அதற்கு முன்னால், நன்மை கொடுத்த நேரத்தில், மகளுக்கு நேர் பின்னால் நின்றான். அவள் இடது உள்ளங்கையை வலது கைமேல் வைத்து ஏந்தினாள். பாதர் அதில் நற்கருணையை வைத்தார். அவள் அதை ஒரு கணம் பார்த்தாள். புருவத்தைக் கொஞ்சம் சுருக்கி, ரொம்பப் பெரிய ஆள்போல. பிறகு வாயில் வைத்துக்கொண்டு திரும்பினாள். அப்பாவின் இரண்டு கண்ணும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நடந்தாள்.